சிறுநீரில் செயற்கை ஓபியாய்டு: ரிசல்ட் இடறும்போது எங்கே தேடுவது

“அண்ணே, டிராமடால் கோடு தெரியுது, ஆனா ரொம்ப மங்கலா இருக்கு. பாசிட்டிவ்னு எழுதிரட்டுமா?”

மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கும் தம்பி போனில் இப்படிக் கேட்டார். எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிராமடால் ஓபியாய்டு வகை வலி மருந்து, அதாவது அபினியைப் போல வேலை செய்வது. அந்த ஸ்ட்ரிப்பில் மங்கலான கோடு என்றால் நெகட்டிவ். அவர் எழுதியிருந்தால், கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு அம்மாவின் பெயருக்கு நேரே போதை மருந்து என்ற சொல் ஏறியிருக்கும். இந்தக் கரையில் ஊர்கள் சின்னவை. ரிப்போர்ட் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று ராத்திரி எழுத உட்கார்ந்ததுதான் இது. மதுரையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறை எடை வைத்து அடையாளம் காணும் கருவி) இருக்கும் லேபில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது ராமநாதபுரத்தில் ஸ்ட்ரிப்பும், ஆன்டிபாடி வைத்து மருந்தைத் தேடும் இம்யூனோ அஸே கருவியுமாக வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கத் தவறுகளையும் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். உங்கள் முன்னால் இருக்கும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்பிலிருந்து படியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சோதனையும் “ஓபியாய்டு” என்ற பொதுவான ஒன்றைப் பார்ப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் மட்டுமே பார்க்கிறது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வருபவை. (அந்த எல்லை அளவுதான் கட்-ஆஃப். இனிச் சொல்லும் கட்-ஆஃப் எல்லாம் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் இத்தனை நானோகிராம் என்ற கணக்கு.)

கோடு மங்கலாக இருக்கிறது, அல்லது கன்ட்ரோல் கோடே வரவில்லை

இந்த ஸ்ட்ரிப்புகள் போட்டி முறையில் வேலை செய்கின்றன. கோடு விழும் இடத்தில் அந்த மருந்தின் துண்டு ஒன்றைப் புரதத்தோடு சேர்த்து ஒட்டி வைத்திருப்பார்கள். நிறத் துகள் கட்டிய ஆன்டிபாடி சிறுநீரில் ஊறி மேலே ஏறும். சிறுநீரில் மருந்து இல்லையென்றால் ஆன்டிபாடி கோட்டில் போய் ஒட்டி நிறம் காட்டும். மருந்து இருந்தால் அதுவே ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும், கோட்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு நேர் எதிர். தினமும் கர்ப்ப அட்டை பார்த்துப் பழகிய கண்தான் இங்கே ஏமாறுகிறது. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான்.

கன்ட்ரோல் கோடு வரவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது. மருந்துக் கோட்டைப் பார்க்கவே வேண்டாம். சிறுநீர் போதாமல் இருக்கலாம், ஸ்ட்ரிப் கெட்டிருக்கலாம். நம் பக்கத்தில் இரண்டாவதுதான் அதிகம். பெரும்பாலான கிட் உறைகளில் 30 டிகிரி வரை வைக்கலாம் என்று போட்டிருக்கும். மே மாதம் ஏசி இல்லாமல் பூட்டிக் கிடக்கும் அறை அதைத் தாண்டிவிடும். அதற்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தவர்கள், எடுத்த கையோடு உறையைக் கிழிக்கிறார்கள். குளிர்ந்த ஸ்ட்ரிப்பின் மேல் கடல்காற்றின் ஈரம் உடனே பனியாகப் படிந்துவிடும். உறை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் பிரியுங்கள். பிரித்ததை உடனே பயன்படுத்துங்கள். பாதிப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் அடுக்கி வைக்கும் வழக்கம் வேண்டாம். கிட் தாளில் 5 நிமிஷம் என்றால் 5 நிமிஷம்தான். அரை மணி கழித்துக் காயும்போது மாறும் நிறத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை.

மருந்து எடுத்தது உறுதி, ஆனால் சோதனை நெகட்டிவ்

முதலில் அட்டையின் மேல் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஓபியேட் அல்லது மார்ஃபின் என்று போட்ட கட்டம் மார்ஃபினுக்கு எதிராக உருவாக்கிய ஆன்டிபாடியைக் கொண்டது. கொடீன், மார்ஃபின், ஹெராயின் வழியாக வரும் மார்ஃபின், இவற்றைப் பிடிக்கும். ஃபென்டானில், டிராமடால், டாபென்டடால், மெத்தடோன், பெதிடின் ஆகியவை உடலில் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்தாலும், உருவத்தில் மார்ஃபினைப் போல இல்லை. ஆன்டிபாடிக்கு வலி தெரியாது, உருவம்தான் தெரியும். ஆளே மயங்கிக் கிடக்கும் அளவுக்கு ஃபென்டானில் இருந்தாலும் ஓபியேட் கட்டம் பளிச்சென்று நெகட்டிவ் காட்டும்.

ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும். டிராமடாலுக்கு 100 அல்லது 200, மெத்தடோனுக்கு 300, புப்ரெனார்ஃபினுக்கு 5 அல்லது 10 என்று வருகின்றன. புப்ரெனார்ஃபினின் அடிப்படை உருவம் மார்ஃபினைப் போன்றதுதான், ஆனால் ஒரு சில மில்லிகிராம் கணக்கில் மட்டுமே கொடுக்கப்படுவதால் சிறுநீரில் மிகக் குறைவாக இருக்கும். ஃபென்டானிலில்தான் கவனம் அதிகம் தேவை. மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்யும் மருந்து அது. 20 கட்-ஆஃப் உள்ள பழைய வகை ஸ்ட்ரிப் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம், 1 கட்-ஆஃப் உள்ளது வேண்டும். உடல் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறாமல் வெளியே விடுகிறது. மீதியில் பெரும்பங்கு நார்ஃபென்டானில் என்ற மாற்றப்பொருள், அதாவது உடல் மருந்தை மாற்றி உண்டாக்கும் பொருள். உங்கள் கிட் நார்ஃபென்டானிலையும் பிடிக்குமா என்று கிட் தாளில் இருக்கும் குறுக்கு வினை அட்டவணையைப் (ஆன்டிபாடி வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்ற பட்டியல்) பாருங்கள். அந்த அட்டவணையைப் படிக்காமல் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

டிராமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன் வலி மாத்திரை என்று சாதாரணமாகப் புழங்கியது. வலை இழுத்தும் பாசி எடுத்தும் தோளும் முட்டியும் தேய்ந்தவர்கள் நம் கரையில் நிறைய. டாக்டர் எழுதித் தந்து சாப்பிடுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிராமடால் பொதுவாக இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். ஃபென்டானில் எப்போதாவது எடுத்தவரிடம் இரண்டு மூன்று நாள். நெடுநாள் தொடர்ந்து எடுத்தவரிடம் கொழுப்பில் தங்கி, நிறுத்திய பிறகும் நார்ஃபென்டானில் வாரக்கணக்கில் வரலாம். ஆகவே அது மறுபடி எடுத்ததற்குச் சாட்சி ஆகாது.

எதுவும் எடுக்கவில்லை என்கிறார், ஸ்கிரீனிங்கில் பாசிட்டிவ்

அவரை நம்புவதிலிருந்து தொடங்குங்கள். இதை நல்ல மனசுக்காகச் சொல்லவில்லை, வேலை முறையாகவே சொல்கிறேன். ஸ்கிரீனிங், அதாவது முதற்கட்டச் சோதனையில், பாசிட்டிவ் என்பது பாதி வாக்கியம். அதை உறுதி செய்யும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை முடிந்தால்தான் வாக்கியம் முடியும்.

என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று முழுப் பட்டியல் கேளுங்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் என்றால் சில வகை ஓபியேட் இம்யூனோ அஸேக்கள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதே முதல் துப்பு. லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் ஓபியேட் கட்டத்தைக் குழப்பும். மெத்தடோன் கட்டத்தை டைஃபென்ஹைட்ரமின், டாக்சிலமின், குவெட்டியாபின் ஆகியவை குழப்பியதாகப் பதிவுகள் உண்டு. டாபென்டடாலும் மெத்தடோன் போல வேஷம் போடும். டிராமடால் அதிகம் இருந்தால் சில புப்ரெனார்ஃபின் அஸேக்கள் பாசிட்டிவ் ஆகிவிடும்.

ஃபென்டானில் கட்டத்தில் இரண்டு மருந்துகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று ரிஸ்பெரிடோன். ஏர்வாடி தர்கா பக்கம் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2001 ஆகஸ்டில் அங்கே நடந்த தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் போனதற்குப் பிறகு, துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் அங்கே வந்து சேர்ந்தது. அப்படி ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் ஒருவரின் சிறுநீர் ஒரு கிட்டில் ஃபென்டானில் என்று வந்தால், அதை அப்படியே எழுதிக் கொடுப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். இன்னொன்று லாபெட்டலால், கர்ப்ப காலத்து ரத்த அழுத்தத்துக்குத் தரும் மருந்து. பிரசவ வார்டிலிருந்து வரும் சாம்பிளில் இதை நினைவில் வையுங்கள். அதே வார்டில் இன்னொன்றும் நடக்கும். முதுகில் போடும் வலிநிவாரணி ஊசியிலேயே பல நேரம் ஃபென்டானில் கலந்திருக்கும். அப்போது பாசிட்டிவ் உண்மையானது, காரணம் ஆஸ்பத்திரி கொடுத்தது. புற்றுநோய் வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டானில் பட்டையும் அப்படித்தான்.

கசகசா பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. கீழக்கரைக் குருமாவில் அரைத்து ஊற்றுகிற வெள்ளைக் கசகசா அபினிச் செடியின் விதை. விதையோடு கொஞ்சம் மார்ஃபினும் கொடீனும் ஒட்டி வரும். 300 கட்-ஆஃப் உள்ள ஓபியேட் கட்டம் அதற்கே பாசிட்டிவ் ஆகலாம். அமெரிக்காவில் அரசுப் பணியிடச் சோதனைக்கான கட்-ஆஃபை 1998இல் 300இலிருந்து 2000க்கு உயர்த்தியதற்குக் கசகசா ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒரு விஷயம். சர்பத்தில் ஊறி வழுவழுவென்று வீங்கும் கருப்பு விதையையும் சிலர் கசகசா என்றே சொல்வார்கள். அது சப்ஜா, துளசி இனத்து விதை. அதில் மார்ஃபின் கிடையாது. எந்தக் கசகசா என்று கேட்டு எழுதுங்கள். எந்தக் கசகசாவும் டிராமடாலையோ ஃபென்டானிலையோ பாசிட்டிவ் ஆக்காது.

சாம்பிளே சந்தேகமாக இருக்கிறது

சிறுநீர் கொடுத்த 4 நிமிஷத்துக்குள் வெப்பம் 32க்கும் 38க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. குளிர்ந்த ஊருக்கு அது நல்ல விதி. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் ஜன்னலோரம் வைத்த எந்தப் பாட்டிலும் 35 டிகிரி காட்டும். ஆகவே இங்கே வெப்பத்தை மட்டும் நம்பக்கூடாது, மனிதச் சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினினைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நீர்த்த சாம்பிள். 2க்கும் கீழே போய், ஒப்படர்த்தியும் பொருந்தாவிட்டால், அது மனிதச் சிறுநீராக இருக்க வாய்ப்பில்லை. நீர்த்திருந்தால் உடனே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்கிறவர் வெயிலுக்குப் பயந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பார். மறுநாள் காலையில் முதல் சிறுநீர் வாங்குங்கள்.

பிஎச் 9க்கு மேல் போனால்? எதையோ கலந்துவிட்டார் என்று முதலில் தோன்றும். ஆனால் அறை வெப்பத்தில் நாள் கணக்கில் கிடந்த சிறுநீரில் பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக உடைத்துப் பிஎச்சை 9க்கு மேல் தானாகவே ஏற்றிவிடும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கிய சாம்பிள் ஞாயிறு முழுக்க ஒரு பார்சல் அறையில் கிடந்து திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? பிஎச் 9.3. அது பயணத்தின் குற்றம், ஆளுடையது இல்லை. 11 என்று வந்தால் கதை வேறு.

வாங்கியதும் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். சில நாளுக்கு மேல் ஆகும் என்றால் மைனஸ் 20. ஐஸுக்கு இங்கே பஞ்சமில்லை, ஆனால் மீன் ஐஸ் உடைசலுக்குள் பாட்டிலை நேராகச் சொருகாதீர்கள். லேபிள் ஊறி உரிந்து, யாருடைய சாம்பிள் என்றே தெரியாமல் வந்த பெட்டி ஒன்றை நான் திறந்திருக்கிறேன். ஜெல் பேக் போட்டு, பாட்டிலை மூடிய பையில் வைத்து, லேபிளின் மேல் ஒட்டுநாடா சுற்றி அனுப்புங்கள்.

உறுதிச் சோதனையில் டிராமடால் வந்திருக்கிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை

இந்த இடத்தில் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

எல்சி-எம்எஸ்/எம்எஸ், அதாவது கலவையை முதலில் குழாயில் பிரித்துப் பிறகு எடை பார்க்கும் கருவியில் டிராமடாலை எடை 264 அயனாகப் பிடித்து, உடைத்து, 58 என்ற துண்டைப் பார்க்கிறோம். மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்சின் உடலில் டெஸ்வென்லாஃபாக்சின் ஆக மாறும். டெஸ்வென்லாஃபாக்சினை நேரடி மாத்திரையாகவும் தருகிறார்கள். அதன் எடை? 264. உடைத்தால்? அதே 58. இரண்டுக்கும் அணுக் கணக்கே ஒன்று: 16 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். அடுக்கிய விதம் மட்டும் வேறு. இதனால், இன்னும் துல்லியமாக எடை பார்க்கும் கியூடாஃப், ஆர்பிட்ராப் போன்ற விலை உயர்ந்த கருவிகளிலும் மொத்த எடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்ட வேண்டியது எல்சி, அதாவது பிரிப்புக் குழாய். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வர வேண்டும். உங்கள் முறையில் வருகிறதா என்று சந்தேகமிருந்தால், மருந்தில்லாத சிறுநீரில் டெஸ்வென்லாஃபாக்சினை மட்டும் கலந்து ஓட்டுங்கள். டிராமடால் இடத்தில் பீக், அதாவது வரைபடத்தில் மேடு, வந்தால் உங்கள் முறை இதுவரை கொடுத்த டிராமடால் பாசிட்டிவ் அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டும். கடினமான வேலைதான், செய்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் துணைச் சாட்சிகளைத் தேடுங்கள். டிராமடால் உண்மையாக உடலுக்குள் போயிருந்தால் ஓ-டெஸ்மெத்தில்டிராமடால் என்ற மாற்றப்பொருள் வரும். எடை 250, துண்டு 58. என்-டெஸ்மெத்தில்டிராமடாலுக்கும் எடை 250தான், ஆனால் அதன் துண்டு 44. மறுபக்கம் வென்லாஃபாக்சினுக்கு 278இலிருந்து 58 வரும். டெஸ்வென்லாஃபாக்சின் 107 என்ற துண்டையும் தரும். 264 மட்டும் உயரமாக நிற்கிறது, 250இல் ஓ-டெஸ்மெத்தில்டிராமடால் இல்லை, 107 இருக்கிறது என்றால் அது டிராமடால் இல்லை. டிராமடாலை மாற்றும் சிஒய்பி2டி6 நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக வேலை செய்யும் என்பதால், ஓ-டெஸ்மெத்தில் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து மறுக்கவும் வேண்டாம். எல்லாச் சாட்சியையும் சேர்த்துப் பாருங்கள்.

டாபென்டடாலோ புப்ரெனார்ஃபினோ இருக்க வேண்டும், பீக் இல்லை

ஹைட்ராலிசிஸ் (மருந்தோடு உடல் கட்டிய துண்டை அவிழ்ப்பது) செய்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. டாபென்டடாலில் கிட்டத்தட்ட 70 சதவீதம் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் கட்டப்பட்டுச் சிறுநீரில் வருகிறது. மாறாமல் வருவது 3 சதவீதம் அளவில்தான். புப்ரெனார்ஃபினும் அதன் மாற்றப்பொருள் நார்புப்ரெனார்ஃபினும் அப்படியே. கட்டை அவிழ்க்காமல் தேடினால் கிடைக்காது. கட்டை அவிழ்க்க பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதி வேண்டும், அல்லது கட்டுண்ட வடிவத்தையே நேரடியாகப் பார்க்கும் முறை வேண்டும். ஃபென்டானிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நொதி எங்கிருந்து வருகிறது என்பது நம் கரைக்காரர்களுக்குப் பிடித்த விஷயமாக இருக்கும். பாறையில் ஒட்டிக் கிடக்கும் தொப்பி போன்ற ஓட்டு நத்தையிலிருந்தும் அபலோன் என்ற கடல் நத்தையிலிருந்தும் எடுக்கிறார்கள். இரண்டும் நம் சங்குக்குத் தூரத்து உறவு. ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆளுக்கொரு குணம். ஓட்டு நத்தை நொதிக்குப் பிஎச் 5 பக்கமும் 60 டிகிரிக்கு அருகிலும் பிடிக்கும். ஈ.கோலை நொதிக்கு 7க்குச் சற்றுக் கீழேயும் 37 டிகிரியும். ஒன்றின் பஃபரில் இன்னொன்றைப் போட்டால் வேலையே நடக்காது, ஆனால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட நாமே தெரிந்த அளவில் கலக்கும் பொருள்) அழகாக வரும், ஏனென்றால் அது கட்டுண்டது இல்லை. அதனால் ஒவ்வொரு பேட்ச்சிலும் குளுக்குரோனைடு கலந்த கன்ட்ரோல் ஒன்று ஓட வேண்டும். அது குறைந்தால் நொதி செத்துவிட்டது. மின்வெட்டில் ஃப்ரிட்ஜ் நின்ற ராத்திரியை நினைத்துப் பாருங்கள்.

தாய் மருந்து இருக்கிறது, மாற்றப்பொருள் இல்லை

புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் இருப்பவரின் சாம்பிளில் புப்ரெனார்ஃபின் மலைபோல நிற்கிறது, அதே மாத்திரையில் சேர்த்திருக்கும் நலாக்சோனும் (ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் மருந்து) கூடவே உயர்ந்திருக்கிறது, நார்புப்ரெனார்ஃபின் சுத்தமாக இல்லை என்றால், மருந்து உடலைத் தாண்டி வரவில்லை, நேராகச் சிறுநீரில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மெத்தடோனுக்கு இடிடிபி என்ற மாற்றப்பொருள் இதே வேலையைச் செய்யும். ஆனால் நேற்றுதான் சிகிச்சை தொடங்கியவரிடமும் மாற்றப்பொருள் குறைவாகத்தான் இருக்கும். எண்ணையும் தொடங்கிய தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குற்றச்சாட்டை எழுதாதீர்கள்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் பீக் சரிகிறது

ஒரு சாம்பிளில் மட்டும் சரிந்தால் அது அயன் சப்ரஷன், அதாவது சிறுநீரில் உள்ள மற்றவை நம் மருந்து அயனாவதைத் தடுக்கின்றன. விடியுமுன் கடலுக்குப் போய் வெயிலோடு திரும்புகிறவரின் சிறுநீர் தேன் நிறத்தில் கெட்டியாக இருக்கும். சிறுநீரை நீர்த்து நேராகக் கருவிக்குள் செலுத்தும் முறையில் இது நன்றாகவே தெரியும். இன்னும் ஐந்து அல்லது பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். கட்-ஆஃப் அருகில் இருக்கும் சாம்பிள் என்றால் நீர்க்க முடியாது. கேட்டயான் பரிமாற்றம் கலந்த எஸ்பிஇ காட்ரிட்ஜில் (மருந்தைப் பிடித்துவைத்து மற்றதைக் கழுவவிடும் சின்னக் குழாய்) ஏற்றி, மெத்தனாலில் கழுவி, அம்மோனியா கலந்த கரைப்பானில் இறக்குங்கள். டியூட்டிரியம் போட்ட ஸ்டாண்டர்ட் அளவுக் கணக்கைச் சரிக்கட்டும், இழந்த உணர்திறனைத் திருப்பித் தராது. வழக்கமான பரப்பில் பாதிக்கும் கீழே போன சாம்பிளை நெகட்டிவ் என்று நான் எழுதமாட்டேன்.

எல்லாச் சாம்பிளிலும் மாதக்கணக்கில் மெல்லச் சரிந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நம் நிலத்தடி நீர் உவர். ஆர்ஓ சவ்வு சோர்ந்து, அதன்பின் உள்ள ரெசின் தீர்ந்து, உப்பு மொபைல் ஃபேஸுக்குள் (சாம்பிளைக் குழாய் வழியே தள்ளும் கரைசல்) நுழையும். சோதிக்க எளிய வழி உண்டு. வாங்கிய எல்சி-எம்எஸ் தரத் தண்ணீரில் ஒரு செட் மொபைல் ஃபேஸ் தயாரித்து, அதே சாம்பிளை இரண்டிலும் ஓட்டுங்கள். பின்னணி இறங்கிப் பீக் ஏறினால் உங்கள் தண்ணீர்தான். லேபின் தண்ணீர்க் கருவி 18.2 மெகாஓம் காட்ட வேண்டும். காட்டும் எண்ணைத் தினமும் காலையில் எழுதி வைத்தால், சரிவு பீக்கில் தெரியுமுன் நோட்டில் தெரிந்துவிடும்.

பிளாங்க்கில் ஃபென்டானில்

பிளாங்க் என்பது மருந்தே இல்லாத சாம்பிள். ஃபென்டானில் ஒட்டும் குணம் உள்ளது. கருவியின் ஊசியிலும் வால்விலும் தங்கி அடுத்தவர் கணக்கில் ஏறும். சாம்பிள்களைக் கருவிக்குள் செலுத்திய வரிசையைப் பாருங்கள். ஃபென்டானில் பட்டை போட்டவரின் உயர்ந்த சாம்பிளுக்கு அடுத்ததா? நான்கு பிளாங்க் விட்டு அதே வயலை மறுபடி ஓட்டுங்கள். மறைந்தால் கருவியின் கேரி ஓவர். மறையாவிட்டால் அசல் பாட்டிலிலிருந்து புதிதாக எடுத்துச் செய்யுங்கள். இப்போது மறைந்தால், பிப்பெட்டிலோ பக்கத்துக் குழியிலிருந்தோ தெறித்தது. இரண்டிலும் நின்றால்தான் அது அவருடையது. ஊசி கழுவும் கரைசலில் ஐசோபுரோப்பனாலும் அசிட்டோநைட்ரைலும் கொஞ்சம் ஃபார்மிக் அமிலமும் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

ஜிசி-எம்எஸ்ஸில் பீக் இரண்டாகப் பிளக்கிறது

ஜிசி-எம்எஸ் என்பது சாம்பிளை ஆவியாக்கிப் பிரித்து எடை பார்க்கும் கருவி. ஐப்பசி கார்த்திகை மழையில் இது வரும். மருந்தை ஆவியாக ஏற்ற வடிவுக்கு மாற்றும் பிஎஸ்டிஎஃப்ஏ போன்ற டெரிவட்டைசேஷன் திரவங்கள் ஈரத்தைக் கண்டால் கெட்டுவிடும். பாதி மாறியதும் முழுதாக மாறியதும் தனித்தனிப் பீக்காக நிற்கும். சாம்பிளை முழுக்க உலர்த்துங்கள், சின்ன ஆம்பூல் வாங்குங்கள், திறந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

ஆள் மயங்கிக் கிடக்கிறார், எல்லாச் சோதனையும் நெகட்டிவ்

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, நலாக்சோன் கொடுத்ததும் எழுந்திருக்கிறார் என்றால், டாக்டர் பார்த்தது சரி, நம் சோதனை பார்க்கவில்லை. அவசரத்தில் நம் ரிசல்ட்டுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நலாக்சோனுக்கு அசையவில்லை, எச்சில் வழிகிறது, வியர்க்கிறது என்றால் பூச்சிமருந்தும் அதே ஊசிமுனைக் கண்ணைத் தரும். கோலினெஸ்டரேஸ் பார்க்க ரத்தம் கேளுங்கள்.

எம்ஆர்எம், அதாவது குறித்த அயனையும் அதன் துண்டையும் மட்டும் பார்க்கும் முறை, பட்டியலில் எழுதிய மூலக்கூறை மட்டும்தான் தேடும். நிட்டாசின் என்ற செயற்கை ஓபியாய்டு வகை 1950களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வில் உருவானது, மருந்தாக வரவே இல்லை, 2019 வாக்கில் ஐசோடோனிட்டாசின் என்ற பெயரில் வெளிநாட்டுத் தெருக்களில் தலைகாட்டியது. ஃபென்டானில் ஸ்ட்ரிப் அதைப் பார்க்காது. அதன் அயன் 411, துண்டு 100. புரோட்டோனிட்டாசினுக்கும் அதே எடை என்பதால் இங்கேயும் வெளிவரும் நேரம்தான் பிரிக்கும். உங்களிடம் டிரிப்பிள் குவாட் (எம்ஆர்எம் ஓட்டும் வழக்கமான கருவி) மட்டும் இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. 188 என்ற துண்டைத் தரும் எல்லா அயனையும் தேடச் சொன்னால் ஃபென்டானில் குடும்பத்தில் பலவும், 100ஐத் தருவதைத் தேடச் சொன்னால் நிட்டாசினில் பலவும் தலைநீட்டும். அது துப்பு மட்டுமே. ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டோடு நேரமும் துண்டு விகிதமும் பொருந்தினால்தான் பெயர் வைக்கலாம். மீதிச் சிறுநீரை மைனஸ் 20இல் போட்டுவிட்டு, முழு ஸ்கேன் எடுக்கும் கருவி உள்ள லேபுக்கு அனுப்புங்கள்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

“ஓபியாய்டு: நெகட்டிவ்” என்று எழுதுவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. இப்போது இப்படி எழுதுகிறேன்: “இம்யூனோ அஸே ஸ்கிரீனிங். மார்ஃபின் வகை 300, டிராமடால் 100, ஃபென்டானில் 1, புப்ரெனார்ஃபின் 10 ஆகிய கட்-ஆஃபில் கண்டறியப்படவில்லை. டாபென்டடால், பெதிடின், நிட்டாசின் ஆகியவை சோதிக்கப்படவில்லை.” பாசிட்டிவ் என்றால், “முதற்கட்ட முடிவு, உறுதிச் சோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்ற வரியை முடிவுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுகிறேன்.

மண்டபத்துத் தம்பிக்கும் அந்த வரிகளைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அவர் புது ஸ்ட்ரிப்பை அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிரித்து, அந்த அம்மாவின் சாம்பிளை மறுபடி போட்டு, 5ஆவது நிமிஷத்தில் படம் எடுத்து அனுப்பினார். கோடு நன்றாகவே தெரிந்தது.